ஒரு குமாஸ்தாவின் விண்ணப்பம்

"ஐயா, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் படிப்புக்கு எப்படி விண்ணப்பிப்பது?"

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் இயற்பியல் கற்பிக்கும் என்னிடம் மாணவர்கள் இப்படிக் கேட்பதுண்டு. கேட்கும்போதே அவர்கள் குரலில் ஒரு தயக்கம் தெரியும். வீட்டில் தறி ஓடுகிறது. அப்பா, அம்மா கல்லூரிக்குப் போனதில்லை. ஏதோ ஒரு பாடத்தில் மதிப்பெண்ணும் குறைவு. நமக்கெல்லாம் இடம் கிடைக்குமா என்ற ஐயம்தான் காரணம்.

மாணவ நண்பர்களே, அவர்களிடம் நான் ஒரு பழைய விண்ணப்பத்தைப் பற்றிச் சொல்வேன். அதை எழுதியவர், சிறு வயதில் சில காலம் இதே காஞ்சிபுரத்தில் தம் பாட்டனார் வீட்டில் வளர்ந்தவர். அவர்தான் கணித மேதை இராமானுஜன்.

அவருடைய மதிப்பெண் பட்டியல் எப்படி இருந்தது தெரியுமா? கணக்கில் மட்டுமே மூழ்கி மற்றப் பாடங்களை விட்டுவிட்டதால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் தேர்வில் தேறவில்லை. 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தா ஆனார். சம்பளம் மாதம் 30 ரூபாய்.

பட்டம் இல்லாத இந்தக் குமாஸ்தா, 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். தாம் குமாஸ்தா என்பதையும், பல்கலைக்கழகக் கல்வி பெறவில்லை என்பதையும் அதில் மறைக்கவில்லை. தாமே கண்டறிந்த தேற்றங்களைப் பல பக்கங்களில் எழுதி உடன் வைத்தார். ஒரு பட்டுப் புடவையின் சிறப்பை வாயால் சொன்னால் போதுமா? விரித்துக் காட்ட வேண்டும் அல்லவா? அவர் செய்தது அதைத்தான்.

அதில் ஒன்று பகா எண்களைப் பற்றியது. 10-க்குள் 2, 3, 5, 7 என நான்கு பகா எண்கள் உள்ளன. 100-க்குள் 25, 1000-க்குள் 168. எந்த எண்ணுக்குள்ளும் எத்தனை பகா எண்கள் உண்டு என்பதை மிக நுட்பமாகக் கணக்கிடும் வழி கிடைத்துவிட்டதாக இராமானுஜன் நம்பினார். அவர் நினைத்த அளவுக்கு அது துல்லியமானதல்ல என்பது பின்னர் தெரிந்தது. ஆயினும் மற்றத் தேற்றங்கள் ஹார்டியை வியக்க வைத்தன. அவர் பதில் எழுதி, தேற்றங்களுக்கு நிரூபணம் கேட்டார்.

ஹார்டிக்கு முன்பே கேம்பிரிட்ஜின் இரு கணித அறிஞர்களுக்கு இராமானுஜன் எழுதியிருந்தார், பயன் கிட்டவில்லை. ஓரிடத்தில் கிடைத்த மறுப்பு எல்லா இடத்துக்குமான தீர்ப்பு ஆகாது.

இன்றைய விண்ணப்பத்தின் உறுப்புகளும் இவையே. முதலாவது, நீங்கள் செய்த வேலை. மதிப்பெண் பட்டியலோடு, எதை ஆராய விரும்புகிறீர்கள், அதற்காக இதுவரை என்ன செய்தீர்கள் என்பதை விளக்கும் கட்டுரையையும் பல்கலைக்கழகங்கள் கேட்கின்றன.

இரண்டாவது, பரிந்துரைக் கடிதங்கள். பல இடங்களில் மூன்று கேட்பார்கள். இராமானுஜனுக்குத் துறைமுக வேலை கிடைக்கவே மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் பரிந்துரைத்தார். பின்னர் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் அவருக்காக எழுதினார். உங்களை நன்கு அறிந்த ஆசிரியரே உங்களைப் பற்றி நன்கு எழுத முடியும். ஆகவே, வகுப்பில் கேள்வி கேளுங்கள்!

மூன்றாவது, பணம். சென்னைப் பல்கலைக்கழகம் முதலில் மாதம் 75 ரூபாயும், இங்கிலாந்து செல்ல ஆண்டுக்கு 250 பவுனும் உதவித்தொகையாக அளித்தது. இன்றும் அமெரிக்காவில் அறிவியல் முனைவர் பட்ட மாணவர்கள் பலர், கற்பித்தல் அல்லது ஆராய்ச்சியில் உதவி செய்து, கல்விக் கட்டண விலக்கும் மாத ஊதியமும் பெறுகிறார்கள். மைய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகைத் திட்டத்தில் பாரம்பரியக் கைவினைஞர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் இடமுண்டு. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் அதன் விதிகளைக் கட்டாயம் படித்துப் பார்க்க வேண்டும்.

1914 மார்ச் 17 அன்று இராமானுஜன் கப்பல் ஏறினார். 1916-இல் ஆராய்ச்சிக்காகக் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியது. 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

கதையின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. அது முதல் உலகப் போர்க் காலம். சைவ உணவுக்காரரான அவர் தாமே சமைத்துக்கொண்டார். காய்கறிகள் கிடைப்பது அரிதாயிற்று. குளிரும் தனிமையும் வாட்டின. நோயுற்று 1919-இல் தாயகம் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26 அன்று தம் 32-ஆம் வயதில் மறைந்தார். ஆகவே, வெளிநாடு செல்பவர் பாடத்தோடு சமையலையும் கற்க வேண்டும். உடல் நலம் குன்றினால் மறைக்காமல் சொல்லவும் பழக வேண்டும்.

விண்ணப்பம் எழுத உங்களுக்கு இன்னும் பல ஆண்டுகள் உள்ளன. ஆனால் அதில் விரித்துக் காட்ட வேண்டிய வேலையை இன்றே தொடங்கலாம். இராமானுஜன் தம் கண்டுபிடிப்புகளை நோட்டுப் புத்தகங்களில் எழுதி வந்தார். நீங்களும் ஒரு நோட்டு வாங்குங்கள். 100-க்கும் 200-க்கும் இடையே எத்தனை பகா எண்கள் என்று எண்ணி, அதன் முதல் பக்கத்தில் எழுதுங்கள். முதல் நூறைவிடக் குறைகிறதா? ஏன் என்று அடுத்த பக்கத்தில் யோசியுங்கள்.