தராசு காட்டாத கொழுப்பு

டயாலிசிஸுக்குப் போகிறவரின் எடையை ஊசி குத்தும் முன்பு ஒரு முறை, முடிந்த பின்பு ஒரு முறை பார்ப்பார்கள். கூடுதல் தண்ணீர் இல்லாத எடையான ‘ட்ரை வெயிட்’டுக்கு மேல் எத்தனை கிலோ தண்ணீர் ஏறியிருக்கிறது என்பதுதான் கேள்வி. ஹைதராபாத்தின் வடகோடியில், கன்டோன்மென்ட்டை ஒட்டிய போலாரத்தில், தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களில் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் அந்த எண் மனப்பாடம். இடுப்புச் சுற்றளவு என்ன என்று கேட்டால் பதில் வராது. அந்த நாடாவை யாரும் எடுப்பதே இல்லை.

எடுக்க வேண்டும். டயாலிசிஸ் நோயாளிகளின் உயிரை அதிகம் பறிப்பது இதயம்தான். வயிற்றைச் சுற்றிச் சேர்வதைப் போலவே அந்த இதயத்தின் மேலும் ஒரு கொழுப்பு படிகிறது. இதயத் தசைக்கும் வெளியுறைக்கும் நடுவே, கொரோனரி தமனிகளைச் சூழ்ந்திருக்கும் ‘எபிகார்டியல்’ கொழுப்பு அது. எல்லோருக்கும் கொஞ்சம் உண்டு, தடித்துப்போனால்தான் ஆபத்து. தசைக்கும் அதற்கும் இடையே தடுப்புச் சவ்வு கிடையாது என்பதால், அது சுரக்கும் அழற்சிப் பொருள்கள் பக்கத்துத் தமனிச் சுவரை நேரடியாகவே எட்டிவிடும். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு இந்தக் கொழுப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்றும், தமனியில் சுண்ணாம்பு படிவதோடு சேர்ந்தே காணப்படுகிறது என்றும் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எக்கோவிலேயே அதன் தடிமனை அளக்கலாம்.

சுண்ணாம்பு வயதானவர்களின் கதை என்று நினைக்க வேண்டாம். 2000-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், டயாலிசிஸில் இருந்த 20 முதல் 30 வயதுக்குட்பட்ட 16 பேரில் 14 பேருக்குக் கொரோனரி தமனியில் சுண்ணாம்பு படிந்திருந்தது.

பருத்த உடம்புக்காரர்களே டயாலிசிஸில் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. ஆனால் அவற்றில் பல பார்த்தது மொத்த எடையை. 2009-இல் இத்தாலியில் 537 நோயாளிகளிடம் இடுப்பையும் அளந்தபோது, இடுப்பு பெருக்கப் பெருக்க மரண ஆபத்தும் ஏறியது தெரிந்தது. கையும் காலும் மெலிந்து வயிறு மட்டும் தள்ளியிருக்கும் உடம்பு நம்மவர்களிடம் சாதாரணம். தராசு அப்படிப்பட்டவரை ‘ஒல்லி’ என்றே சொல்லும்.

கொழுப்பைக் குறைக்க மாத்திரை இருக்கிறதே என்பார்கள். கவலையே அங்கேதான் தொடங்குகிறது. சர்க்கரை நோயுள்ள டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அட்டோர்வாஸ்டாட்டின் கொடுத்துப் பார்த்த ஜெர்மன் ஆய்வு 2005-இல் வெளியானது. 2,700-க்கும் மேற்பட்டவர்களுக்கு ரோசுவாஸ்டாட்டின் கொடுத்துப் பார்த்த பன்னாட்டு ஆய்வு 2009-இல் வந்தது. கெட்ட கொழுப்பு நன்றாகவே இறங்கியது. இதயச் சாவும் மாரடைப்பும் பக்கவாதமும் சேர்ந்த கணக்கு மட்டும் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. ஏற்கெனவே சாப்பிடுகிறவர் தொடரலாம், டயாலிசிஸுக்கு வந்தபின் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்பதே 2013-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல்.

அப்படியானால் காலம் கடந்துதான் விழித்துக்கொள்கிறோம். நாடா முதலில் போக வேண்டியது, சர்க்கரையும் பிரஷரும் இருந்து, சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியாட்டினின் இன்னும் ஏறாதவர்களின் வீடுகளுக்கு. இந்தியர்களில் ஆணின் இடுப்புக்கு 90 செ.மீ., பெண்ணின் இடுப்புக்கு 80 செ.மீ. எல்லை. அதைத் தாண்டியவர்கள் நடைப்பயிற்சியையும் சாப்பாட்டு மாற்றத்தையும் இப்போதே தொடங்கலாம். டயாலிசிஸில் ஏற்கெனவே இருப்பவர்கள் மட்டும் தாமாகப் பட்டினி கிடக்கக் கூடாது, கரைவது தசையாகிவிடும். அடுத்த எக்கோவின்போது இதயத்தின் மேலுள்ள கொழுப்பையும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேட்கலாம்.