வளைவில் எழும் ஓசை

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாக ராகலைக்கு மோட்டார் வண்டியிற் சென்ற அன்பர்கள் அப்பாதையின் வளைவுகளை மறந்திருக்கமாட்டார்கள். நேரான வீதியில் அமைதியாக ஓடும் வண்டி, அங்கே சுக்கானைத் திருப்பியவுடன் தன் குறைகளைச் சொல்லத் தொடங்கிவிடும். சென்ற ஆண்டு மார்கழி மழையில் எனது வண்டியும் அவ்வாறு சொல்லிற்று. வலப்புறம் திரும்பும்போதெல்லாம் இடது முன்சில்லின் பக்கத்திலிருந்து, தகரத்தை அரத்தினால் அராவுவது போன்றதோர் ஓசை எழுந்தது. அதன் காரணத்தைத் தேடிய வரலாறு, கல்லூரியிற் பௌதிகம் கற்றோர்க்கும் கல்லாதோர்க்கும் ஒருங்கே பயன்படலாமென எண்ணி இதனை எழுதுகின்றேன்.

வண்டி திரும்பும்போது நிகழ்வது யாது? வெளிப்புறச் சில்லு பெரிய வட்டத்திலும் உட்புறச் சில்லு சிறிய வட்டத்திலும் செல்கின்றன. ஆகவே, ஒரே நேரத்தில் வெளிச்சில்லு கூடிய தூரம் உருளவேண்டும். இதற்கு ராகலையிலேயே நல்லதோர் உதாரணம் இருந்தது. நானுஓயாவிலிருந்து புறப்பட்டு 1904 இல் ராகலையை எட்டி, 1940களில் மூடப்பட்ட இரண்டரை அடி அகலச் சிறு இருப்புப்பாதையைப் பற்றி முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். புகைவண்டியின் இரு சில்லுகளும் ஒரே அச்சில் இறுக்கப்பட்டவை. ஒன்று மற்றையதிலும் விரைந்து சுழல இயலாது. எனவே நெருங்கிய வளைவில் ஏதேனும் ஒரு சில்லு தண்டவாளத்தில் வழுக்கியே தீரவேண்டும். கிறீச்சென்ற ஓசையும் எழும். மோட்டார் வண்டியிலோ, எஞ்சினின் விசையைப் பெறும் இரு சில்லுகளுக்குமிடையே டிபரன்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதி நின்று, ஒவ்வொன்றையும் அதனதன் வேகத்திற் சுழலவிடுகின்றது. ஆதலின் வளைவிற் புகைவண்டி கத்துவது இயல்பு. கார் கத்துவது நோய்.

நோயை அறிய ஓசையின் தன்மையைக் கவனித்தல் வேண்டும். சுக்கானை முற்றாகத் திருப்பி மெல்லச் செல்லும்போது ‘கடக், கடக்’ என ஒலித்தால், முன்சில்லுகளுக்கு விசையைக் கொண்டுசெல்லும் அச்சின் மூட்டு தேய்ந்திருக்கலாம். அதை மூடிய இறப்பர் உறை கிழிந்து கிறீஸ் வெளியேறியிருப்பதைக் கண்ணாலேயே காணலாம். மொரிஸ் மைனர் போன்ற பின்சில்லு விசை வண்டிகளின் முன்பக்கத்தில் இம்மூட்டு இல்லை. இக்காலச் சிறு வண்டிகள் பெரும்பாலானவற்றில் உண்டு. மந்தமான உரசலாயின், டயர் மட்காட்டில் முட்டுகின்றதோ எனப் பார்க்க வேண்டும். முட்டிய இடம் பளபளக்கும். பிரேக்கை மெல்ல மிதித்தவுடன் ஓசை மாறினால் பிரேக்கையே முதலில் ஐயுறலாம்.

என் வண்டியின் ஓசையோ பிரேக்கை மிதித்தும் மாறவில்லை. ஆயினும் ஒரு கராஜில் பிரேக் கட்டைகளை மாற்றித் தந்தார்கள். பணம் போயிற்று, ஓசை போகவில்லை. பின்னர் சமதரையில் வண்டியை நிறுத்தி, மற்றைய சில்லுகளுக்குக் கல் அணை கொடுத்து, ஜாக்கியால் உயர்த்தித் தாங்கியும் வைத்து, சில்லைக் கழற்றினேன். பிரேக் தட்டுக்கும் அதன் பின்னாலுள்ள மெல்லிய தகரக் காப்புக்கும் இடையே குன்றிமணியளவு கல்லொன்று சிக்கியிருந்தது! வீதி திருத்தக் கொட்டிய சல்லி போலும். அதை எடுத்ததும் வண்டி அமைதியடைந்தது. நானும் பெருமையோடு இதனைப் பலரிடம் சொல்லிக்கொண்டேன்.

பதினைந்து நாட்களின் பின், நால்வரை ஏற்றிக்கொண்டு வலப்பனைப் பக்கமாக இறங்கும்போது அதே ஓசை மீண்டது. கல் ஏதுமில்லை. இம்முறை உயர்த்திய சில்லின் மேற்புறத்தையும் கீழ்ப்புறத்தையும் பிடித்து அசைத்துப் பார்த்தேன். கையில் ஆட்டம் தெரிந்தது. (இடம் வலமாக மட்டும் ஆடினால் சுக்கான் தண்டின் மூட்டைப் பார்க்க வேண்டும்.) வலப்புறம் திரும்பும்போது வண்டியின் பாரம் இடச்சில்லின்மேற் சாய்கின்றது, வீதியும் அச்சில்லைப் பக்கவாட்டில் தள்ளுகின்றது. பெயரிங் தேய்ந்திருந்தமையால் சில்லு சற்றே சரிந்து, பிரேக் தட்டு தகரக் காப்பிலே உரசிற்று. நேர்வீதியில் அது மௌனமாயிருந்ததன் காரணம் இதுவே.

கல்லும் தேய்ந்த பெயரிங்கும் ஒரே குரலிற் பேசுகின்றன என்பதே இதிலுள்ள அபாயம். கல் பிரேக் தட்டிற் கீறலிடும், அவ்வளவே. தேய்ந்த பெயரிங்கோ நாளடைவிற் சூடேறி இறுகிவிடலாம். சில்லே தளர்ந்துவிடவும் கூடும். ஒருபுறம் பாறையும் மறுபுறம் தேயிலைச் சரிவுமான அப்பாதையில் அது நிகழ்ந்தால் என்னவாகும் என்பதை நினைக்கவும் மனம் கூசுகின்றது. கல்லை எடுத்த அன்றே சில்லை அசைத்துப் பார்க்காதது என் தவறு. இரண்டு நிமிட வேலை அது.

புதிய பெயரிங் பூட்டியபின் பழையதைக் கையிலேந்திச் சுழற்றினேன். உள்ளே குறுமணல் அரைபடுவதுபோல் விரலுக்குத் தெரிந்தது. அது இப்பொழுது என் மேசைமீது காகிதங்களுக்குப் பாரமாக இருக்கின்றது.