தேங்கிய ஆறுகள் - 7: கரிபாவில் புலிமீன் வேட்டை

போன வாரம் அஸ்வான். இந்த வாரம் இன்னும் தெற்கே இறங்குவோம். ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் நடுவே, ஜாம்பசி ஆற்றை 128 மீட்டர் உயரத்துக்கு மறித்து நிற்கிறது கரிபா அணை. 1958 டிசம்பரில் ஆற்றை அடைத்தார்கள். ஏரி நிரம்ப 1963 ஆயிற்று. கொள்ளளவில் உலகின் மிகப் பெரிய செயற்கை ஏரி இதுதான்.

தென்கரையில் மட்டுசடோனா தேசியப் பூங்கா. கரிபா ஊரிலிருந்து படகிலேயே போய்விடலாம். சாலையும் உண்டு, மழைக்காலத்தில் அதை நம்பிக் கிளம்ப வேண்டாம். கரை நெருங்கினால் படகின் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். அன்று மூழ்கிய மொபானே மரங்கள் பட்டுப்போய், சாம்பல் நிறத்தில் இன்னும் தண்ணீருக்குள் நிற்கின்றன. மீன்வலை சிக்கக் கூடாதென்று, ஏரி நிரம்புமுன் சில பகுதிகளில் இரண்டு புல்டோசர்களுக்கு இடையே சங்கிலியும் இரும்புக் குண்டும் கட்டி இழுத்துக் காட்டையே சாய்த்தார்கள். கை வைக்காமல் விட்ட இடத்து மரங்கள் இவை. கொம்பில் நீர்க்காகமும் கழுகும், அடியில் மீனும் குடியிருக்கின்றன.

தூண்டில்காரர்கள் தேடி வருவது புலிமீனை. உடம்பில் கோடு, வாயில் கத்திப் பல். நைலான் நரம்பைக் கடித்துத் துண்டாக்கிவிடும் என்பதால், முள்ளுக்கு மேலே கொஞ்சம் எஃகுக் கம்பி கட்டுவார்கள். வாய் முழுக்க எலும்பு. முள் லேசில் பதியாது. பதிந்தாலும் தண்ணீருக்கு மேலே எகிறி உதறிவிடும். செப்டம்பர், அக்டோபரில் நன்றாகக் கடிக்கும். வெயிலும் அப்போதுதான் 40 டிகிரியைத் தொடும்.

அதற்குத் தீனி ஒரு பொடிமீன். ஆற்று மீன்களுக்கு நடு ஏரியின் ஆழம் ஒத்துவரவில்லை. அதனால் 1967, 68இல் டாங்கனிக்கா ஏரியிலிருந்து கபெண்டாவைக் கொண்டுவந்து விட்டார்கள். மத்திக் குடும்பம், விரல் நீளம்கூட இருக்காது. இரவில் மிதவைகள் விளக்கைக் காட்டி, வெளிச்சத்துக்குக் கூடும் கூட்டத்தை வட்ட வலையால் கீழிருந்து அள்ளுகின்றன. உப்புப் போட்டு உலர்த்திச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். நெத்திலிக் கருவாடு தின்றவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

கூடாரம் போடுபவர்கள் பழத்தை உள்ளே வைக்கக் கூடாது. யானை மோப்பம் பிடித்து வரும். முதலைகள் இருப்பதால் நீச்சலுக்கு இடமே இல்லை. நீர் வற்றும் காலத்தில் கரையில் புல் தழைக்கும். அதை மேய யானைகளும் எருமைகளும் இறங்கிவரும்போது படகிலிருந்தே பார்க்கலாம்.

இந்தக் காட்டுக்குப் படகில் வந்து சேர்ந்த விலங்குகளும் உண்டு. நீர் ஏற ஏறத் தீவுகளில் மாட்டிக்கொண்டவற்றை ரூபர்ட் ஃபோதர்கில் என்ற வன அதிகாரியின் குழு பிடித்துக் கரை சேர்த்தது. 'ஆபரேஷன் நோவா' என்று பெயர். மீண்டவை 6,000க்கு மேல். உலகமே கொண்டாடியது. அதே நீர் ஏறுமுன், இரு கரைகளிலும் வாழ்ந்த ஏறத்தாழ 57,000 டோங்கா மக்களை லாரியில் ஏற்றி வறண்ட மேட்டு நிலத்தில் இறக்கினார்கள். 1958 செப்டம்பரில், போக மறுத்தவர்கள்மீது வடகரையில் போலீஸ் சுட்டதில் 8 பேர் செத்தார்கள். விலங்குகளை மீட்ட கதைக்குக் கிடைத்த பேரும் புகழும் இதற்குக் கிடைக்கவில்லை.

டோங்கா மக்களின் ஆற்றுத் தெய்வம் நியாமிநியாமி. 1957, 58 ஆண்டுகளில் வெள்ளம் வந்து அணை வேலையைக் குலைத்தபோது, அது அந்தத் தெய்வத்தின் கோபம் என்றார்கள். இப்போது நியாமிநியாமியின் பாம்புடலைக் கைத்தடியில் செதுக்கிக் கரிபாவில் விற்கிறார்கள், நல்ல விற்பனை.

(தொடரும்)