கணினியின் கருவில் ஒரு வரி

பழைய மாமல்லபுரம் சாலையில் சென்னையிலிருந்து தெற்கே செல்வோர், நாவலூரைக் கடந்து கேளம்பாக்கத்தை அடையுமுன் காணும் ஊர் படூர். அருகே சிறுசேரியில் சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா விளங்குகிறது. படூரிலேயே பொறியியல் பயிலும் மாணவர் பல்லாயிரவர் உளர். இவர்கள் நிரல் எழுதக் கற்கின்றனர். பிறர் எழுதிய நிரலைப் படித்து, அதில் குறை காணக் கற்பவர் அவர்களிற் சிலரே. எழுதுவதைக் காட்டிலும் படிப்பது அரிது என்பது என் துணிபு. அவ்வரிய தொழிலைப் பற்றியே நேயர்களுக்கு இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

கணினியில் நாம் கண்ணாற் காணும் நிரல்கள் அனைத்திற்கும் அடியில், அவற்றையெல்லாம் ஆளும் கருப்பகுதி ஒன்று உண்டு. அதனைக் கெர்னல் என்பர். லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் 1991-ஆம் ஆண்டு வெளியிட்ட லினக்ஸ் கெர்னல் இன்று மூன்று கோடி வரிகளுக்கும் மேலாக வளர்ந்து நிற்கிறது. உலகெங்குமிருந்து பலர் அதற்குத் திருத்தம் அனுப்புகின்றனர். அனுப்பியவர் தம் பெயரால் கையொப்பமிடுதல் வேண்டும். இவ்வழக்கம் 2004-இல் ஏற்பட்டது. பிறகு அந்தந்தத் துறைக்குரிய பராமரிப்பாளர் அதனை வரி வரியாகப் படிக்கிறார். படித்து ஒப்பியவர் பெயரும் திருத்தத்தின் அடியிலேயே பதிவாகிறது.

‘எழுதியதை இயக்கிப் பார்த்தால் பிழை தெரிந்துவிடாதோ? படிப்பானேன்?’ என்று சிலர் வினவலாம். திரையிலோ ஒலியிலோ பிழை இருப்பின் உடனே தெரிந்துவிடும். ஆனால் இரண்டு துறைகளில் பிழை தான் பிறந்த நாளில் வாய் திறவாது. ஒன்று சேமிப்பு, மற்றொன்று காலக்கணக்கு.

காலத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். வானொலியின் மணியொலி கேட்டுக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்ட தலைமுறையினர் நம்முள் இன்னும் உளர். கணினியும் அவ்வாறே வெளியிலிருந்து நேரம் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. புவியின் சுழற்சி சீரானதன்று; ஆகையால் அணுக் கடிகாரத்தோடு அதனை ஒத்துப்போகச் செய்ய 1972 முதல் 2016 வரை 27 முறை ஒரு வினாடி கூட்டப்பட்டது. 2012-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், நம் நாட்டு நேரப்படி விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சற்று முன், அத்தகைய ஒரு வினாடி கூடிற்று. அக்கணமே உலகின் பல இடங்களில் லினக்ஸ் கணினிகள் திணறின. ரெடிட் என்னும் இணையதளம் முடங்கிற்று. ஆஸ்திரேலியாவில் குவாண்டாஸ் நிறுவனத்தின் பயணப் பதிவு தடைப்பட, விமானங்கள் தாமதமாயின.

நடந்தது யாது? கெர்னலின் கடிகாரம் கூடுதல் வினாடிக்காக ஒரு வினாடி பின்னே வந்தது. ஆனால் வேலைகளை உறக்கத்தினின்று எழுப்பும் பகுதிக்கு அச்செய்தி சொல்லப்படவில்லை. அது ஒரு வினாடி முந்திய கணக்கிலேயே நின்றது. ‘அரை வினாடி கழித்து என்னை எழுப்புக’ என்று ஒரு நிரல் சொல்லி உறங்கப் போனால், அந்த அரை வினாடி எப்போதோ கழிந்துவிட்டதென்று உடனே எழுப்பிவிடும். எழுந்த நிரல் மீண்டும் உறங்கப் போகும், மீண்டும் எழுப்பப்படும். இப்படி ஓய்வின்றி எழுந்தும் படுத்தும் கணினியின் ஆற்றல் முழுவதும் வீணாயிற்று. மருந்தோ மிக எளியது. நேரத்தை அதே நேரமாகவே ஒருமுறை திருத்தி வைத்தால் போதும். செய்தி உரிய இடத்தைச் சேர்ந்து, எல்லாம் அடங்கிவிடும்.

இதில் மதிப்பாய்வாளர் நெடிது எண்ணத்தக்க செய்தி வேறொன்று உண்டு. அந்தச் செய்தியைச் சொல்லும் வரி முன்னாளில் கெர்னலில் இருந்தது! 2007-இல் அது நீக்கப்பட்டது. நீக்கியதற்குக் காரணமும் தகுந்ததே: அவ்வரி அழைக்கப்பட்ட இடம் அதற்கு உரியதன்று, ஒன்றை ஒன்று எதிர்நோக்கிக் கணினி அசையாது நின்றுவிடும் ஆபத்து அதில் இருந்தது. நீக்கியவர்கள் அதன் விளைவையும் எண்ணாமல் விடவில்லை. மிக அரிதான சூழலில் ஒரு வேலை ஒரு வினாடி தாமதமாக எழலாமேயன்றி, முந்தி எழாது எனக் குறிப்பும் எழுதினர். ஐந்தாண்டுகளுக்குப் பின் நேர்ந்ததோ அந்த முந்தி எழுதலே. 2012-இல் அவ்வரியை மீண்டும் சேர்த்தபோது, அதனை நேரே அழையாமல், ஆபத்தற்ற பிறிதொரு தருணத்திற்கு ஒத்திவைத்து அழைக்குமாறு அமைத்தனர். ஆக, ஒரு வரியை நீக்கும் திருத்தத்தைப் படிப்பவர், ‘இது ஏன் இங்கே வைக்கப்பட்டது? இதனை நம்பியிருப்போர் யாவர்?’ என்று கேட்டே தீரவேண்டும். அக்கேள்விக்கான விடை பெரும்பாலும் அத்திருத்தத்தின் பக்கத்தில் இராது. வேறொரு கோப்பில் கிடக்கும்.

இனிச் சேமிப்புக்கு வருவோம். வன்தட்டிலோ அதன் பின்னோனாகிய திடநிலைத் தட்டிலோ எழுதுதல் என்பது பத்திரப் பதிவு போன்றது. பதிவேட்டில் ஏறுமுன்பே எழுத்தர் ரசீது கொடுத்துவிட்டால், இடையில் தீப்பிடித்தால் சொத்து யாருடையது? தட்டுகளும் இவ்வாறே வேகத்தின் பொருட்டுத் தரவைத் தற்காலிக நினைவில் வாங்கிக்கொண்டு, ‘எழுதியாயிற்று’ என்று சொல்லிவிடும். மின்சாரம் நின்றால் அது மறைந்துபோகும். ஆகவே, ‘இதுவரை பெற்றதையெல்லாம் நிலையாக எழுதிவிட்டு மறுமொழி கூறு’ என்னும் கட்டளை ஒன்று உண்டு. சேமிப்பு இயக்கி நிரலைப் படிப்பவர், அக்கட்டளை உரிய வரிசையில் செல்கிறதா, தட்டு ‘இயலவில்லை’ என்று சொன்னால் அச்செய்தி மேலே போய்ச் சேருகிறதா, வழியில் விழுங்கப்படுகிறதா என்று பார்க்கிறார். தோல்விக்குரிய வழியைச் சோதனையில் நடத்திப் பார்ப்பது அரிதாகையால், கண்தான் அங்கே கருவி.

கண்ணும் தவறும். 2023 டிசம்பரில் நேர்ந்ததைக் கேளுங்கள். எக்ஸ்ட்4 என்னும் கோப்பு முறைக்குரிய திருத்தம் ஒன்று புதிய கெர்னலில் செம்மையாக நடந்துவந்தது. அதனைப் பழைய 6.1 வரிசைக்கும் எடுத்துச் சென்றனர். ஆனால் அதற்கு முன்னோடியான மற்றொரு திருத்தம் அவ்வரிசையில் இல்லை. விளைவு, எழுத்து எவ்விடம் வரை வந்தது என்னும் கணக்கு பிழைபட்டு, தரவு கெடும் நிலை தோன்றிற்று. டெபியன் அமைப்பினர் 12.3 பதிப்பின் வெளியீட்டை டிசம்பர் 9 அன்று நிறுத்திவைத்து, மறுநாளே திருத்திய 12.4 பதிப்பைத் தந்தனர். திருத்தம் தன்னளவில் குற்றமற்றது; அது போய் அமர்ந்த இடமே குற்றம்.

இது தொலைதேசத்துக் கதையன்று. சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்னும் நம் நாட்டு இயங்குதளம் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. தமிழக அரசு 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோசுடன் அதுவும் இடம்பெற்றது. மூலத்தில் விழும் கறை கிளைகளுக்கும் ஓடிவரும்.

சேமிப்பும் காலமும் ஒருங்கே சந்திக்கும் இடமும் ஒன்று உண்டு. ஒவ்வொரு கோப்பின்மீதும் அது எழுதப்பட்ட நேரம் குறிக்கப்படுகிறது. 1970 ஜனவரி முதல் நாளிலிருந்து கழிந்த வினாடிகளை 32 பிட் எண்ணில் வைத்தால், 2038 ஜனவரி 19 அன்று நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடிக்கு அவ்வெண் நிரம்பிவிடும்; அடுத்த வினாடியில் 1901-ஆம் ஆண்டுக்குப் போய் நிற்கும். கெர்னலினுள் இதற்குரிய பெரும் பணி 2020-இல் வெளிவந்த 5.6 பதிப்போடு ஒருவாறு முடிந்தது. ஆனால் தட்டில் ஏற்கெனவே எழுதி வைத்த அமைப்பைக் கெர்னல் தானாக மாற்றாது. எக்ஸ்ட்4 முறையில் கோப்புக் குறிப்புக்கு 256 பைட் ஒதுக்கியிருந்தால் 2446 வரை கவலையில்லை. 128 பைட் எனில் 2038-தான் எல்லை. அத்தகைய பழைய தட்டை இன்றைய லினக்ஸ் கணினியில் இணைத்தால், இதன் நேரக்குறிப்பு 2038 வரையே செல்லும் என்று கெர்னல் தன் பதிவேட்டில் ஒரு வரி எழுதி வைக்கிறது. படூரில் பயிலும் மாணவர் எவரும் தம் கணினியில் அவ்வரி உள்ளதா என்று இன்றிரவே தேடிப் பார்க்கலாம்.