நாய் வளர்க்கிறீர்களா? வேலியைக் கவனியுங்கள்!

எங்கள் சங்கரன்கோவில் பக்கம் தோட்டந்துரவு உள்ள வீடுகளில் நாய் வளர்ப்பது சகஜம். ராஜபாளையம் எங்களுக்கு அடுத்த ஊர் மாதிரி. சிப்பிப்பாறையும் தூரமில்லை. இரண்டுமே நாய்களுக்குப் பெயர் கொடுத்த ஊர்கள். 2005-ல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலைகூட வெளியிட்டார்கள். ஆனால், ஆசையாகக் குட்டியைத் தூக்கி வருகிற நாம் வேலியைப் பற்றி யோசிக்கிறோமா?

"கட்டிப் போட்டாப் போதாதாம்மா, நாய்க்குப் போயி வேலியா?" என்று என் மாமியார்கூடக் கேட்டார்கள். போதாதுதான். நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கும் நாய்க்கு எரிச்சல் மூண்டு, கிட்டே வரும் குழந்தை மேல் பாய்ந்துவிடும். ஓட விடாமல் சதா கட்டியே வைப்பது, 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றம்.

எங்கள் தெருக்கோடி வீட்டில் வெள்ளை வெளேரென்று ஒரு ராஜபாளையம் இருந்தது. அந்த ஜாதியில் சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, இதற்கும் அப்படித்தான். ஒரு நாள் கேட்டுக்கு அடியில் இருந்த சந்து வழியே நுழைந்து ரோட்டுக்குப் போய்விட்டது. வேன்காரர் ஹாரன் அடித்தார், பிள்ளைகள் கத்தினார்கள். அதற்கு எங்கே கேட்கும்? பின்னங்கால் ஒடிந்தது. அந்த வீட்டுச் சின்னப் பெண் இரண்டு நாள் சாப்பிடவே இல்லை.

ஆகவே, உங்கள் நாய் தாண்டுமா, தோண்டுமா, நுழையுமா என்று முதலில் பாருங்கள். சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் முயல் பிடிக்கிற வேட்டை நாய்கள். நாலடிச் சுவர் அவற்றுக்கு ஒரு துள்ளல்தான், ஆறடியாவது வேண்டும். முள்கம்பி கூடவே கூடாது. மெல்லிய தோல், தாண்டும்போது வயிறு கிழிந்துவிடும். வேலிக்கருவை முள்ளும் கண்ணில் குத்தும். சுவர் மேல் கண்ணாடிச் சில்லு பதிப்பதும் அப்படித்தான். கரண்டு வைக்கலாம் என்று யாராவது சொன்னால் காதிலேயே வாங்காதீர்கள். போவது நம் பிள்ளை உயிராகவும் இருக்கலாம்.

நான் சொல்வது துருப்பிடிக்காத ஜி.ஐ. கம்பிவலை. கண் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். குட்டி இருந்தால் கீழே ஒன்றரை அடிக்குக் கோழிவலையும் சேர்த்துக் கட்டுங்கள். கம்பி முனைகள் மடங்கியிருக்கட்டும். தோண்டுகிற நாயா? வலையை அரை அடி மண்ணுக்குள் இறக்கி, ஓரத்தில் உடைந்த கடப்பைக் கல்லைப் புதைத்துவிடுங்கள். தெருப்பக்கம் மட்டும் தகரமோ ஓலைத்தட்டியோ வைத்து மறைத்தால், போகிறவர் வருகிறவரைப் பார்த்துக் குரைக்கிற தொல்லையும் குறையும்.

எங்கள் பக்கத்துக் கரிசல் மண் இருக்கிறதே, அது பொல்லாதது! மழையில் உப்பும், கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். போன வருஷம் நேராக நின்ற கல்லுக்கால் இந்த வருஷம் சாய்ந்து நிற்கும். இரண்டடிக் குழி பறித்து, ஜல்லி, சிமெண்ட் போட்டு நட்டால் கொஞ்சம் நிற்கும். கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஒரு தடவை, சித்திரை வெயிலில் ஒரு தடவை ஒவ்வொரு காலையும் ஆட்டிப் பாருங்கள்.

வாரம் ஒரு முறை வேலி ஓரமாக ஒரு நடை நடந்தால் போதும். புது மண் கிளறியிருக்கிறதா, கட்டுக்கம்பி அறுந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். விறகுக்கட்டு, தண்ணீர் டிரம், மணல் குவியல் எதையும் வேலியை ஒட்டி வைக்காதீர்கள். நாய்க்கு அதுதான் ஏணி!

இது நம் வீட்டுச் செல்லத்துக்காக மட்டுமல்ல. நாய் யாரையாவது கடித்துவிடாமல் காப்பதும் நம் பொறுப்பு. அலட்சியமாக விட்டால், 2024-ல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். யாருக்காவது கடி பட்டால், மஞ்சள் அப்புகிற வேலை வேண்டாம். குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் ஊசி போடுங்கள்.

எவ்வளவு நல்ல வேலியானாலும் கேட்டைத் திறந்து போட்டால் வீண்தான். கொண்டியைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். ஆடித்தபசு வந்தால் எங்கள் ஊரே நிரம்பி வழியும். விருந்தாளிகள் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள். கேட்டை யார் சாத்தினார்கள் என்றே தெரியாது. அன்றைக்கும், வெடிச்சத்தத்தில் மிரண்டு ஓடுகிற தீபாவளியன்றைக்கும், நாயை உள்ளறையில் விட்டு, ஒரு கிண்ணம் தண்ணீரும் வைத்துக் கதவைச் சாத்திவிடுவோம்.