பரங்கிப் பிஞ்சு உதிருதா? தும்பையைப் பிடுங்காதீங்க!

சென்னையில் மொட்டை மாடியில் பரங்கி, பாகல் போடும் தாய்மார்கள் பலருக்கும் ஒரே கவலை. கொடி நிறையப் பூ. பிஞ்சோ மஞ்சளாகி உதிர்கிறது! "எவ்வளவு எரு போட்டும் ஒண்ணுகூட நிக்கலியே!" என்று புலம்பல்.

எரு மட்டும் போதாது. இந்தக் கொடிகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. தேனீ வந்து மகரந்தம் சேர்த்தால்தான் காய். நாலே நாலு பூவுக்காகத் தேனீ லேசில் மாடி ஏறி வருமா?

தானாக முளைக்கும் தும்பையையும் மூக்குத்திப் பூண்டையும் களை என்று பிடுங்கி எறிகிறார்கள். தேனீயை இழுப்பதே அவைதான்! ஒரு பழைய தொட்டியை அவற்றுக்கே விட்டுவிடலாம்.

தேனீ வரும்வரை கைவேலைதான். பரங்கிப் பூ விடியலில் மலரும், வெயில் ஏறினால் மூடிவிடும். காலை 8 மணிக்குள் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, அடியில் குட்டிப் பிஞ்சு உள்ள பெண் பூவின் நடுவில் தடவ வேண்டும். சுரைக்குச் சாயந்தரம். அது பொழுது சாய்ந்த பிறகுதான் பூக்கும்.