தும்மலும் இளைப்பும்: வேரைத் தேடும் வைத்தியம்

விடிந்தால் அடுக்கடுக்காகத் தும்மல், மூக்கில் நீர், கண் அரிப்பு. இரவானால் நெஞ்சில் விசில் சத்தம். ‘வெறும் சளிதாங்க, தானா போயிடும்’ என்று சொல்லிக்கொண்டே பால்மரம் வெட்டவும் செம்பனைக் குலை அறுக்கவும் போகிறவர்கள் நம்மில் பலர். மாதக் கணக்கில் தொடர்ந்தால் அது வெறும் சளி அல்ல, ஒவ்வாமையாக இருக்கலாம்.

காரணம் பெரும்பாலும் நம் படுக்கையிலேயே இருக்கிறது. பினாங்கு கடலை ஒட்டிய மாநிலம். ஜார்ஜ்டவுன் கடைவீடுகளிலும் சரி, செபராங் பிறை தோட்டங்களிலும் சரி, காற்றில் ஈரம் அதிகம். இந்த ஈரத்தில் மெத்தை, தலையணைக்குள் தூசிப்பூச்சி பெருகும். கண்ணுக்குத் தெரியாத அது, நம் உடம்பில் உதிரும் தோல் தூளைத் தின்று வாழ்கிறது. அதன் கழிவு மூச்சில் ஏறியதும் உடம்பு அதை விரோதியாக நினைத்துப் போர் தொடுக்கிறது. அந்தப் போர்தான் தும்மலும் இளைப்பும். போரை மூட்டும் ‘ஐ.ஜி.இ.’ என்ற எதிர்ப்புப் பொருளை 1966-இல் ஜப்பானிய விஞ்ஞானிகளான இஷிசாகா தம்பதியர் கண்டறிந்தனர்.

சாதாரண அலர்ஜி மாத்திரை தும்மலை அடக்கும், ஒவ்வாமையை மாற்றாது. மாற்ற முயல்வது ‘இம்யூனோதெரபி’. அதாவது, ஆகாத பொருளையே துளித்துளியாகக் கொடுத்து உடம்பைப் பழக்குவது. 1911-இல் லண்டனில் டாக்டர் லியோனார்ட் நூன் புல் மகரந்தச் சாற்றை ஊசியில் கொடுத்து இதற்கு வழி காட்டினார்.

இன்று தூசிப்பூச்சிச் சாற்றை ஊசியாகவோ, நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையாகவோ கொடுக்கிறார்கள். அந்த மாத்திரைக்கு அமெரிக்கா 2017-இல் அனுமதி தந்தது. கடுமையான ஆஸ்துமாவுக்கு ஐ.ஜி.இ.யையே பிடித்துக் கட்டும் ‘ஒமலிசுமாப்’ ஊசியும் உண்டு. 2003-இல் அமெரிக்கா அதை அனுமதித்தது.

ஆனால் அவசரம் கூடாது. இம்யூனோதெரபி சுமார் மூன்று வருஷம் விடாமல் எடுக்க வேண்டிய வைத்தியம். செலவு அதிகம், எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது. ஊசி போட்டபின் அரைமணி நேரம் டாக்டர் கண்முன்னே இருக்க வேண்டும். சிலருக்கு உயிருக்கே ஆபத்தான எதிர்விளைவு வரலாம். அடங்காத இளைப்பு உள்ளவர்களுக்கு இது ஆகாது.

‘ஒரே வேளையில் குணம்’ என்று சந்தையில் விற்கும் பொடி, மாத்திரைகளை நம்பாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த இத்தகைய மருந்துகள் பற்றிச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது.

வீட்டில் செய்ய வேண்டியது: வாரம் ஒருமுறை படுக்கை விரிப்பு, தலையணை உறைகளைச் சுடுநீரில் துவையுங்கள். பழைய பஞ்சு மெத்தையை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். வீட்டுக்குள் சிகரெட் வேண்டாம். டாக்டர் கொடுத்த இன்ஹேலரை, மூச்சு சீரானதும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இளைப்போடு வேலைக்குப் போகாதீர்கள். அரசாங்க கிளினிக்கில் காட்டி, ‘எனக்கு எது ஆகலைன்னு பரிசோதிக்க முடியுமா?’ என்று தயங்காமல் கேளுங்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, டாக்டர் சான்றோடு எடுக்கும் நோய் விடுப்புக்குச் சம்பளம் உண்டு. அது சலுகை அல்ல, நம் உரிமை.